பொத்குலேகெதர தாஸிமும் ஒரு கோழிப் புத்தகமும்

கலகெதர ஊர்த் தாஸிம் நானாவிடம் பெயர் கேட்கிறவர்கள் கொஞ்சம் நேரத்தோடு கேட்பது நல்லது. ‘தாஸிம்’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். தொண்டையைச் செருமி, தொப்பியைச் சரிசெய்து, “பொத்குலேகெதர முஹம்மது லெப்பை முஹம்மது தாஸிம்” என்று முழுதாகச் சொல்லி முடித்து, கேட்டவருடைய முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்பார். மாறாவிட்டால் முதல் சொல்லை மட்டும் இன்னொரு தடவை சொல்வார். ஒருமுறை கன்னம் பணிஸ் ரொட்டி மாதிரி வீங்கி, வாய் திறக்க முடியாமல் பல் டொக்டரிடம் போயிருந்தார். நம்பர் எழுதும் பெண் பெயர் கேட்டாள். அந்த வாயோடும் மனிதர் ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள்தான் பாவம்.

கண்டி மலைப்பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றுக்கு இப்படிச் சிங்கள வீட்டுப்பெயர் உண்டு. அரசர் காலத்தில் எந்தக் குடும்பம் எந்த ஊழியம் செய்ததோ அதை வைத்து வந்த பெயர்கள். பெயருக்கு முன்னால் அது நிற்கும், தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். தாஸிம் நானாவின் வீட்டுப்பெயரில் ‘பொத்குல்’ என்பது புத்தகங்கள் வைக்கும் இடம், ‘கெதர’ என்பது வீடு. நூலகத்து வீட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். வத்தேகமவுக்கு மேலே மலையில் உள்ள ஒரு பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், பழைய ஏட்டு நூலகம் ஒன்று இருக்கிறதென்றும், தங்கள் பெயர் அங்கிருந்து வந்ததென்றும் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாத இடத்தைத் தாஸிம் நானா சும்மா விடவில்லை. அவருடைய வாப்பா காலத்தில், “எங்கட ஆக்கள்ல ஒராள் அங்க வேல செஞ்சாராம்” என்ற அளவில்தான் கதை இருந்தது. தாஸிம் கடை போட்டபோது அந்த ஆள் நூலகப் பொறுப்பாளராக உயர்ந்தார். மகன் பஹீமின் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், ராஜா எந்த ஏட்டைப் படிக்கலாம் என்று தாஸிமின் மூதாதையிடம் ஆள் அனுப்பிக் கேட்கும் நிலைக்கு விஷயம் வந்துவிட்டது. இன்னும் ஒரு கல்யாணம் நடந்திருந்தால் ராஜாவே எழுந்து நின்றிருப்பார்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட உள்ள சந்தில் அவருக்குத் திரைச்சீலைக் கடை. கடைக்கும் அதே பெயர்தான். கடை சின்னது, பெயர் பெரியது. போர்டு எழுதியவன் கடைசி இரண்டு எழுத்துக்கு இடமில்லாமல் அடுத்த சுவருக்குத் திருப்பி எழுதிவிட்டுப் போனான்.

ஆனால் ஒன்று. இவ்வளவு பெரிய நூலகத்து வாரிசு தன் வாழ்நாளில் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்தவரல்ல. பேப்பரில் மரண அறிவித்தல் பார்ப்பார், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார், மடித்துத் துணி பார்சல் கட்டுவார். அந்த வீட்டில் மார்க்கப் புத்தகங்களும் பஹீமின் பழைய பாடப் புத்தகங்களும் போக, இருந்தது ஒரே ஒரு புத்தகம். கோழி வளர்ப்பைப் பற்றியது. கல்யாணத்துக்கு முன்னால், எண்பத்தேழாம் ஆண்டு, கோழிப் பண்ணை போடலாம் என்று ஒரு யோசனை வந்து, நகரத்து நூலகமொன்றில் அதை இரவல் எடுத்தார். பதினோராம் பக்கம் வரை படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில்தான் கோழிக்கு வரும் நோய்கள் தொடங்குகின்றன. அங்கே போவதற்குள் வாங்கிய கோழிகளெல்லாம் செத்துவிட்டன. செத்த கோழிகளுக்குப் பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போக வெட்கம். வெட்கம் நாளாகி மறதியாகி, புத்தகம் மனைவி ரபீகாவின் அலுமாரியில் கல்யாணச் சேலைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

இப்படியே காலம் போயிருக்கும். பஹீமுக்கு மூத்த பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. தாஸிம் நானாவுக்குத் தலைகால் புரியவில்லை. கலகெதர முழுக்க மஸ்கெட் இனிப்புப் பகிர்ந்தார். பிள்ளைக்கு ஸைனப் என்று பெயர் வைத்ததில் அவருக்குப் பரம சந்தோஷம். ஸைனபுக்கு முன்னால் என்ன வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சந்தேகம் மருமகள் பஸ்லினாவுக்கு இருந்தது.

பஸ்லினாவுக்குக் கண்டியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஆட்கள் நிரப்பிக் கொடுக்கிற படிவங்களைக் கணினியில் ஏற்றுவாள். பிறப்புப் பதிவுக்கு நாள் நெருங்க, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு, அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

“மாமா, புதன்கிழம பதிவுக்குப் போறோம். பேர ஸைனப் பஹீம் எண்டு மட்டும் வைப்போமா?”

தாஸிம் நானா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மத்தது?”

“மத்தது வேணாம் மாமா. நான் நாளெல்லாம் பேர் அடிக்கிற ஆள். நீளப் பேர் உள்ளவங்க படுற பாடு எனக்குத் தெரியும். படிவத்துல பெட்டி காணாது. ஒரு இடத்துல பாதி ஈக்கும், இன்னொரு இடத்துல முழுசா ஈக்கும், புறகு ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு காயிதம் கொண்டு வாங்க எண்டு அலைய வைப்பாங்க.”

“என்னய ஒபிஸ்ல ‘பொட்’ எண்டுதான் கூப்பிடுறாங்க வாப்பா” என்றான் பஹீம், தன் பங்குக்கு.

“ராஜா குடுத்த பேருடா அது!” என்றார் தாஸிம் நானா. “அரமனையில ஏடு படிச்சுக் குடுத்த பரம்பர. அத ஒரு பெட்டி காணல்ல எண்டு வெட்டி எறியுறதா? யா அல்லா, எங்கட வாப்பா கேட்டா கபுருக்குள்ள திரும்பிப் படுப்பார்!”

பஸ்லினா பிள்ளையைப் பஹீமின் மடியில் வைத்தாள். எழுந்து போய் மாமியின் அலுமாரியைத் திறந்து, பழைய பேப்பர் சுற்றிய பொருளொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தாள். அட்டையில் ஒரு வெள்ளைக் கோழி இவர்களைப் பார்த்தது.

“பிள்ளைக்குத் துணி தேடக்குள்ள கண்டேன் மாமா. லைப்ரரி சீல் ஈக்கி. திருப்பிக் குடுக்க வேண்டிய நாளும் ஈக்கி. எண்பத்தேழு, மார்ச்.” சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “நூலகத்து வீடு எண்டு சென்னீங்க. நூலகத்துப் பொருள் வீட்டுல ஈக்கிறதாலயா?”

பஹீம் வாய்விட்டுச் சிரித்தான். சமையலறையிலிருந்து வந்த ரபீகா புத்தகத்தைப் பார்த்து, “அல்லாவே, இது இன்னும் உசுரோட ஈக்கா? கோழி போய்ச் சேந்து எவ்வளவு காலம்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். தாஸிம் நானாவின் முகம் சுண்டிப்போயிற்று. அட்டைக் கோழி மறையும்படி பழைய பேப்பரை இழுத்து மூடினார்.

பஹீமுக்குப் பாவமாக இருந்தது. “சரி வாப்பா. அந்தப் பன்சலைக்கு நீங்க ஒருக்காவாவது போயீக்கிறீங்களா? போய்க் கேளுங்க. எங்கட ஆள் உண்மையிலயே என்ன செஞ்சார் எண்டு தெரிஞ்சா, அந்தப் பேர எம்புள்ளைக்கு வைக்கிறதா இல்லயா எண்டு யோசிப்போம். சும்மா கதைக்கு நான் வைக்க மாட்டேன்.”

அறுபத்திரண்டு வயது வரை தாஸிம் நானா அந்தப் பன்சலைக்குப் போனதே இல்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை வேறு. ஊதி ஊதிப் பெருப்பித்த பலூனை ஊசி இருக்கிற இடத்துக்கு யார் கொண்டுபோவார்கள்? ஆனால் இப்போது பேர்த்தியின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. புதன்கிழமைக்குள் ஆதாரத்தோடு வராவிட்டால், இத்தனை தலைமுறை வந்த பெயர் தன்னோடும் பஹீமோடும் நின்றுவிடும். அந்த நினைப்பில் அன்று சோறு இறங்கவில்லை, தேத்தண்ணி இறங்கவில்லை. ரபீகா பொரித்த வடை மட்டும் இரண்டு இறங்கியது.

ஞாயிறு காலையில் ரபீகாவின் தம்பி முஹைதீன் தன் த்ரீவீலரோடு வந்தான். தாஸிம் நானா பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடையிலிருந்து எடுத்து வந்த நாலு யார் நீளத் திரைச்சீலைத் துணியைப் பார்சலாக மடியில் வைத்துக்கொண்டார். வெறுங்கையோடு போகக் கூடாது, நூலகமென்றால் ஜன்னல் இருக்கும், ஜன்னலென்றால் திரை வேண்டும் என்பது அவர் கணக்கு.

“மச்சான், பன்சலையில உங்கட ஆள்ட படம் தொங்கவிட்டு ஈப்பாங்களோ?” என்றான் முஹைதீன், வத்தேகம கடந்து ஏற்றம் ஏறும்போது.

“ரோட்டப் பாத்து ஓட்டுடா.”

“இல்ல, பெரிய தாடி, தலப்பா, கையில ஏடு... உங்கட மூக்கு ஈக்குமே, அத வச்சுக் கண்டுபிடிக்கலாம்.”

பன்சலையில் ஓர் இளம் தேரர்தான் நூலகத்துக்குப் பொறுப்பு. தடித்த கண்ணாடி, சிரித்த முகம். தாஸிம் நானா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சிங்களத்தில், முழுப் பெயரையும் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டவர் முகம் மாறியது.

“பொத்குலேகெதரவா? அந்த வீட்டாரா? எங்களுடைய ஏட்டில் இருக்கிறீர்களே! நூறு வருஷத்துக்கு மேலாக உங்கள் ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை” என்றார் தேரர், கையைப் பிடிக்காத குறையாக. தாஸிம் நானா மச்சானைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு ராஜ்ஜியமே இருந்தது.

கறையான் ஏறாதபடி கல்தூண்களின் மேல் நிறுத்திக் கட்டிய சின்ன அறை அது. உள்ளே எண்ணெய் மணம். பன்சலைக்கு யார் யார் என்ன ஊழியம் செய்தார்கள் என்று எழுதிவைத்த ஏட்டைத் தேரர் எடுத்துவந்து, மேசையில் துணி விரித்து, பக்குவமாகப் பிரித்தார். தாஸிம் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். தேரர் பழைய சிங்களத்தை வாசித்து, புழங்குகிற சிங்களத்தில் விளக்கினார்.

“பெருமழைக்கு முந்திய மாதத்தில், பொதி மாடு இரண்டோடு முஸ்லிம் சோனகர் ஒருவர் வருவார். ஏடுகளையெல்லாம் இறக்கி, வெயில் காட்டி, எண்ணெய் பூசி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பார். இந்த வேலைக்கு...” தேரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். “இந்த வேலைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாத குடும்பமாகப் பார்த்து ஆள் எடுத்திருக்கிறார்கள்.”

முஹைதீனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் இருமல் மாதிரி நடித்துக்கொண்டு வெளியே ஓடினான். வெளியே போயும் இருமல் நிற்கவில்லை.

“தெரியாத குடும்பமா, ஹாமுதுருவனே?” என்றார் தாஸிம் நானா.

“அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறது” என்றார் தேரர். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “முன்னால் இங்கிருந்த பிக்குகளே அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ஓர் ஏட்டை வெயிலில் வைக்கப் பிரித்தால் அங்கேயே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிடுவார்களாம். பத்து ஏடு காய்வதற்குள் மழை வந்துவிடும். ஒரு வருஷம் பாதி ஏடுகள் பூஞ்சணம் பிடித்துப் போனதாம். அதற்குப் பிறகுதான் உங்கள் ஆளைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு வரி வாசிக்கமாட்டார், வேலையும் நிற்காது.”

அடுத்த கல்யாணத்தில் எழுந்து நிற்கவிருந்த ராஜா மெதுவாக உட்கார்ந்துகொண்டார். தாஸிம் நானாவுக்குக் காது மடல் சுட்டது. அழுகை வரும்போல் இருந்தது என்றே சொல்லிவிடலாம். திரைச்சீலைத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று எழும்பியவரைத் தேரர் விடவில்லை.

“இருங்கள், கீழே இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் எழுதியிருக்கிறார்கள். வெளியே எடுத்தது நூற்றுப் பதினாலு, திரும்ப வைத்தது நூற்றுப் பதினாலு. அடுத்த வருஷமும் அதேதான். நாற்பத்தொரு வருஷம் இப்படியே போகிறது. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட இடம் மாறவில்லை.” தேரர் ஏட்டைக் கட்டினார். “எனக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் பெரிய உதவி. இப்போது இரவல் கொண்டுபோகிறவர்கள் எங்கே திருப்பித் தருகிறார்கள்?”

தாஸிம் நானா நாலு யார் துணியையும் மேசையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்.

வரும் வழியில் முஹைதீன் சிரித்து முடித்துவிட்டு நல்ல பிள்ளையாகிவிட்டான். “மச்சான், கவலப்படாதீங்க. அங்க நடந்தது எனக்கும் உங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். ஊட்டுக்குப் போய், ராஜாக்கு ஏடு படிச்சுக் குடுத்த ஆள் எண்டே செல்லுவோம். நான் சாட்சி. பஹீம் பேர வச்சிருவான், வேல முடிஞ்சுது.”

ஆசை இல்லாமல் இல்லை. வத்தேகம சந்தை வரும்வரை தாஸிம் நானா அதை நினைத்துப் பார்த்தார். நல்ல பொய்தான், முப்பது வருஷமாகப் பழகிய பொய், சட்டை மாதிரிப் பொருந்தும். ஆனால் அதை எடுத்துப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அட்டையிலிருந்த வெள்ளைக் கோழி குறுக்கே வந்து நின்றது. எழுத்தே தெரியாத அந்த மாட்டுக்கார மனிதன் நூற்றுப் பதினாலை எடுத்து நூற்றுப் பதினாலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எழுத்துத் தெரிந்த இவர் ஒன்றே ஒன்றை எடுத்து, அதையும் சேலைக்கு அடியில் வைத்திருந்தார்.

“என்ன மச்சான், ஒண்டும் செல்றீங்கல்ல?”

“வாய மூடிட்டு ஓட்டு” என்றார் தாஸிம் நானா.

வீட்டில் கேட்டவர்களிடம், “நாளைக்குச் செல்றேன்” என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்காமல், கோழிப் புத்தகத்தோடு நகரத்து நூலகத்துக்குப் போனார். கவுண்டரில் நிரோஷினி என்ற பெண் இருந்தாள், ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவள். புத்தகத்தைப் புரட்டி, திருப்ப வேண்டிய நாளைப் பார்த்து, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா, இது நான் பொறக்கிறதுக்கு முந்தியே எடுத்ததுங்க.”

“தெரியும் புள்ள.”

“அந்தக் காலத்து ரெஜிஸ்டர் எதுவும் இப்ப இல்லைங்க. இத யாரும் தேடவும் மாட்டாங்க. நீங்களே வச்சுக்கங்க.”

“இல்ல புள்ள. எடுத்த எடத்துல வைக்கணும்.”

அவள் சிரித்துக்கொண்டே அவரைக் கோழி, ஆடு, மாட்டுப் புத்தகங்கள் உள்ள தட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே இடமே இல்லை. இரண்டு தடித்த புத்தகங்களை விலக்கிக் கொடுத்தாள். தாஸிம் நானா தன் கையால் செருகி, மற்றவற்றோடு சமமாக நிற்கிறதா என்று உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

“அன்பளிப்புன்னு போட்டுடவா ஐயா? போர்டுல பேரு வரும்.”

போர்டில் பெயர்! போன வாரமென்றால் மனிதர் அந்த இடத்திலேயே ஓர் உரை நிகழ்த்தியிருப்பார். இன்று தலையை ஆட்டினார். “அன்பளிப்பு இல்ல புள்ள. திருப்பித் தந்தது எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்க.”

“சரிங்க. பேரு?”

தொண்டையைச் செருமினார். தொப்பியைத் தொட்டார்.

“தாஸிம்” என்றார்.

அவள் இன்னும் ஏதாவது வருமா என்று பேனாவோடு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

அன்று பின்னேரம் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். ராஜா இல்லை, அரண்மனை இல்லை. பொதி மாடு, வெயில், எண்ணெய். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்றுதான் வேலை கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

முதலில் சிரித்தது ரபீகாதான். “இத அறிய வத்தேகமக்குப் போகணுமா? என்னட்டக் கேட்டா சென்னீப்பேனே, இந்தக் குடும்பம் புத்தகத்தத் தொறக்காத குடும்பமெண்டு!” பஹீம் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். தாஸிம் நானா எல்லாரும் சிரித்து ஓயும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு நூற்றுப் பதினாலையும் நாற்பத்தொரு வருஷத்தையும் சொன்னார். சட்டைப்பையிலிருந்து நூலகத் துண்டை எடுத்துப் பஸ்லினாவிடம் நீட்டினார்.

“இந்தாங்க மகள். நீங்க சென்னது சரி. அந்தப் பேர இம்புட்டுக் காலமும் நான் சும்மா தூக்கிட்டுத் திரிஞ்சீக்கிறேன். ஸைனப் பஹீம் எண்டே வையுங்க. அழகான பேர்.”

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பஸ்லினா அந்தத் துண்டை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை தாஸிம் நானா கடையில் வேலையில்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மடித்தார். மத்தியானம் பஹீமும் பஸ்லினாவும் பிள்ளையோடு கடைக்கே வந்து இறங்கினார்கள். பஸ்லினா கைப்பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் அளவு மேசையில் விரித்தாள்.

மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

பொத்குலேகெதர பஹீம் ஸைனப்.

“பெட்டி காணல்ல மாமா” என்றாள் பஸ்லினா. “ரெண்டாம் வரிக்கு எறக்கி எழுதச் சென்னேன்.”

“நான்தான் வேணாமெண்டு சென்னேனே மகள்...”

“ராஜாக்குப் படிச்சுக் குடுத்த ஆள் எண்டு வந்து சென்னீங்கண்டா வச்சீக்கவே மாட்டேன். எடுத்தத எடுத்த எடத்துல வச்ச ஆக்கள்ட பேரெண்டா எம்புள்ளைக்கு ஈக்கட்டும்.”

தாஸிம் நானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடிக்குள் எழுத்தெல்லாம் கலங்கிற்று. துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். மேலே உள்ள நாள், பிறந்த இடம், தாய் பெயர், பதிவாளர் கையெழுத்து, கீழே சின்ன எழுத்தில் உள்ள சட்டம் என்று ஒன்று விடாமல் படித்தார். எடுத்த ஒன்றை அவர் கடைசி வரி வரை படித்தது அன்றுதான். படித்து முடித்ததும் கை தன்பாட்டில் அதை மடித்துச் சட்டைப்பைப் பக்கம் கொண்டுபோனது.

பஸ்லினா கையை நீட்டினாள்.

“பாத்தாச்சுதானே மாமா? திருப்பித் தாங்க.”